மஞ்சள் கோட்டில்தான் போகிறது, பிறகு இறக்கை எப்படி இடிக்கிறது?

டார்மாக்_கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், சென்னைக்குக் கிளம்ப வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை அனுமதிக்காக நின்றிருந்தது. தர்பங்கா போகவேண்டிய இண்டிகோ ஏ320 டாக்ஸி செய்து (தரையில் ஊர்ந்து) வந்து அதன் இறக்கையில் இடித்தது. யாருக்கும் காயமில்லை, இரண்டு விமானத்தின் இறக்கை நுனியும் சேதம். இண்டிகோ விமானிகள் இருவரையும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ பணியிலிருந்து ஒதுக்கி வைத்து விசாரித்தது. அதே வருடம் செப்டம்பர் 10 அன்று அட்லாண்டாவில் டெல்டாவின் ஏ350 ஒன்று, நின்றிருந்த சிஆர்ஜே-900 என்ற சிறிய ஜெட்டின் வாலையே பெயர்த்துவிட்டது.

நான் ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியியல்) மாணவன். எனக்கு அடிப்படையே புரியவில்லை. மூக்குச் சக்கரம் மஞ்சள் கோட்டின் மேல் இருந்தால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்படிதானே டாக்ஸிவே (விமானம் ஊர்ந்து போகும் பாதை) போடுகிறார்கள்? டவர் சொன்ன வழியில் போனால் அந்த வழி காலியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இறக்கை நுனி விமானிக்குத் தெரியாதா? அப்புறம், இடித்தது நுனி மட்டும் என்றால் நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும் விங்லெட்டை மாற்றிவிட்டு அடுத்த நாளே பறக்கலாமா? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

இடது_இருக்கை

கோடு எதற்கு உத்தரவாதம், எதற்கு இல்லை என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம் தம்பி.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் அனெக்ஸ் 14 (விமான நிலைய விதிகள்) விமானங்களை இறக்கை அகலத்தை, அதாவது ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை உள்ள தூரத்தை, வைத்து ஏ முதல் எஃப் வரை பிரிக்கிறது. 24 மீட்டரிலிருந்து 36-க்குள் இருந்தால் சி பிரிவு. 36 முதல் 52-க்குள் டி, 52 முதல் 65-க்குள் இ, 65 முதல் 80-க்குள் எஃப். ஷார்க்லெட் (ஏர்பஸ்ஸின் விங்லெட்) வைத்த ஏ320 35.8 மீட்டர், விங்லெட் வைத்த 737-800-ம் அதே 35.8. சி பிரிவின் எல்லைக்கு 20 சென்டிமீட்டர்தான் மிச்சம். 777-300இஆர் 64.8, ஏ350-900 64.75. இவையும் இ பிரிவின் விளிம்பில் நிற்பவை. 777எக்ஸ் இறக்கை நுனியை மடிப்பதற்குக் காரணமும் இதுதான்: விரித்தால் 71.8, மடித்தால் 64.8.

டாக்ஸிவே நடுக்கோட்டிலிருந்து எந்தத் தடையும் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தப் பிரிவைப் பொறுத்தது. சி பிரிவுக்கு 26 மீட்டர், இ பிரிவுக்கு 43.5, எஃப் பிரிவுக்கு 51. இந்த எண்கள் எப்படி வந்தன என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சி பிரிவில் பாதி இறக்கை அதிகபட்சம் 18, அதற்கு மேல் 8 மீட்டர். இ பிரிவில் 32.5, அதற்கு மேல் 11 மீட்டர். ஸ்டாண்டுகளை (விமானம் நிறுத்தும் இடங்களை) ஒட்டி ஓடும் டாக்ஸிலேனில் வேகம் குறைவு என்பதால் இதையும் குறைத்திருக்கிறார்கள்: சி பிரிவுக்கு 22.5, அதாவது நுனிக்கு அப்பால் வெறும் 4.5 மீட்டர். இ பிரிவுக்கு 40, அதாவது 7.5 மீட்டர். 2018-ல் எண்கள் திருத்தப்பட்டன. பழைய பாடப் புத்தகத்தில் இ பிரிவு டாக்ஸிவேக்கு 47.5 என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.

இந்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. விமானத்தின் பிரிவும் அந்த டாக்ஸிவேயின் பிரிவும் பொருந்த வேண்டும். விமானம் கோட்டின் மேல் இருக்க வேண்டும். அந்த 26 அல்லது 43.5 மீட்டருக்குள் வேறு விமானமோ வண்டியோ நுழைந்திருக்கக் கூடாது. கோடு வரைந்தவர் முதலாவதை வரைபடத்தில் எழுதி வைக்கிறார், இரண்டாவதை விமானியிடம் விடுகிறார். மூன்றாவதை அவரால் எதுவும் செய்ய முடியாது.

முதல் நிபந்தனை உடைந்ததற்கு ஜோகன்னஸ்பர்க்கைப் பாருங்கள். 2013 டிசம்பர் 22 இரவு, லண்டனுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-400. டவர் கொடுத்த வழி டாக்ஸிவே பிராவோ. ஓர் இடத்தில் பிராவோ வலப்புறம் வளைகிறது. நேராகப் போனால் மைக், அது 747-க்குப் போதாத குறுகலான லேன். விமானம் வளைவைத் தவறவிட்டு நேராகப் போனது. மூக்குச் சக்கரம் கோட்டில்தான் இருந்தது, ஆனால் அது வேறு விமானங்களுக்கான கோடு. வலது இறக்கை ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் புகுந்தது. கட்டடத்தில் இருந்த 4 பேருக்கு லேசான காயம். ஜி-பிஎன்எல்எல் என்ற அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை.

மூன்றாவது நிபந்தனைதான் அதிகம் பேசப்பட வேண்டியது. ஓடுபாதைக்கும் டாக்ஸிவேக்கும் இடையே இருக்க வேண்டிய தூரங்களை அனெக்ஸ் 14 அட்டவணையாகத் தருகிறது. அதன் அடிக்குறிப்பில், ஹோல்டிங் கோட்டில் (ஓடுபாதைக்குள் நுழையும் முன் நிற்க வேண்டிய கோடு) நிற்கும் விமானத்துக்குப் பின்னால், ஓடுபாதைக்கு இணையாக ஓடும் டாக்ஸிவேயில் இன்னொரு விமானம் கடந்து போகப் போதிய இடத்துக்கு இந்தத் தூரங்கள் உத்தரவாதம் இல்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. பலர் அட்டவணையைப் படிப்பார்கள், அடிக்குறிப்பைப் படிப்பதில்லை.

கணக்குப் போட்டே பாருங்கள். கருவி உதவியோடு இறங்கும் ஓடுபாதை, விமானப் பிரிவு இ என்றால் ஓடுபாதை நடுவிலிருந்து இணை டாக்ஸிவே நடுவுக்கு 172.5 மீட்டர். ஹோல்டிங் கோடு ஓடுபாதை நடுவிலிருந்து 90 மீட்டரில். மிச்சம் 82.5. பின்னால் போகும் இ பிரிவு விமானத்துக்கு 43.5-ஐ விட்டுக் கொடுத்தால், நிற்கிற விமானத்துக்கு 39 மீட்டர். ஏ320 நீளம் 37.57, மூக்கு கோட்டைத் தொட நின்றால் ஒன்றரை மீட்டர் கையில். 737-800 39.5, அரை மீட்டர் வெளியே. ஏ321 44.5, ஐந்தரை மீட்டர் வெளியே, 11 மீட்டர் ஓரத்தில் பாதி போய்விட்டது. இப்போது அந்த ஏ321 கோட்டுக்குப் பத்து மீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டது என்று வையுங்கள். வாலின் முனைக்கும் இணை டாக்ஸிவே நடுக்கோட்டுக்கும் 28 மீட்டர்தான். 777-ன் பாதி இறக்கை 32.4. இரண்டு விமானமும் அவரவர் கோட்டிலேயே இருக்கின்றன, ஆனால் இறக்கை நான்கு மீட்டருக்கு மேல் வால் இருக்கும் இடத்துக்குள் போகிறது.

ஏன் பத்து மீட்டர் முன்னால் நிற்கிறார்கள் என்றால், கோடு மூக்குக்குக் கீழே போய் மறையும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கிறது. ஓடுபாதைக்குள் ஓர் அடிகூட வைத்துவிடக் கூடாது என்ற நியாயமான பயமும் உண்டு. அந்த இருக்கையிலிருந்து தன் வால் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது.

இறக்கை நுனி தெரியுமா என்ற கேள்விக்கு: 747, 767, 777, ஏ380 மாதிரி பெரிய விமானங்களில் காக்பிட்டில் இயல்பாக உட்கார்ந்த நிலையில் தெரியாது. 2011 ஏப்ரல் 11 அன்று நியூயார்க் ஜேஎஃப்கேயில் ஏர் பிரான்ஸ் ஏ380-ன் இடது இறக்கை நுனி, நின்றிருந்த சிஆர்ஜே-700-ன் வாலில் பட்டு அந்தச் சின்ன விமானத்தை அப்படியே சுழற்றியது. வீடியோவில் பார்த்தால் ஏ380 ஒன்றும் நடக்காதது போல நேராகப் போய்க்கொண்டிருக்கும். அவ்வளவு எடை. அதன் பிறகு 2012 செப்டம்பரில் அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, காக்பிட்டிலிருந்து நுனி தெரியாத பெரிய விமானங்களில் கேமரா போன்ற மோதல் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கும்படி அங்குள்ள விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவுக்குப் பரிந்துரை செய்தது. கட்டாயமாகவில்லை. ஏ380-லும் 777-300இஆரிலும் இருக்கும் டாக்ஸி கேமரா வேறு வேலைக்கு: சக்கரங்கள் தார்ப்பரப்பின் விளிம்பைத் தாண்டாமல் பார்க்க. நுனிக்கும் அடுத்த விமானத்தின் வாலுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்ல அது உதவாது.

ஏ320, 737-ல் கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தால் தன் பக்க நுனி தெரியும். தெரிந்தாலும் 20 மீட்டர் தள்ளி, பின்புறமாகச் சாய்ந்திருக்கும் ஒரு முனை, அதற்கு அப்பால் இருக்கும் பொருளுக்கு முன்னாலா பின்னாலா என்று கண் பொய் சொல்லும். அதனால் ‘போய்விடும் போலிருக்கிறது’ என்று தோன்றும் இடத்தில் போகக்கூடாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: கிளம்பும் முன்பே வரைபடத்தில் ஹாட் ஸ்பாட்டுகளையும் (மோதல் ஆபத்து அதிகமான இடங்கள்), ‘இறக்கை அகலம் 36 மீட்டருக்கு மேல் கூடாது’ போன்ற குறிப்புகளையும், நோட்டாமில் (விமானிகளுக்கான அறிவிப்பு) மூடப்பட்ட டாக்ஸிவேக்களையும் இருவரும் சேர்ந்து பார்த்துவிட வேண்டும். ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளம்) இருக்கும்போது லோட் ஷீட் (எடைக் கணக்கு), எஃப்எம்எஸ் (பறப்பு மேலாண்மைக் கணினி), டேப்லெட் எதையும் தொடக்கூடாது. நான்கு கண்ணும் வெளியே. நேர்ப்பாதையில் 30 நாட் வரை போகலாம் என்று பல நிறுவனக் கையேடுகள் அனுமதிக்கும், 90 டிகிரி திருப்பத்தில் 10. ஆனால் பக்கத்தில் தடை இருந்தால் நடக்கும் வேகம்தான். 10 நாட் என்பது நொடிக்கு 5 மீட்டர். முதல் அதிகாரி ‘ஸ்டாப்’ என்று சொல்லி, கேப்டன் பிரேக்கை மிதிக்க 2 நொடி ஆனால் 10 மீட்டர் போயாகிவிட்டது.

சந்தேகம் வந்தால் நிறுத்து, பார்க்கிங் பிரேக் போடு, டவரிடம் சொல், இறக்கை நுனியோடு நடந்து இடைவெளி பார்க்கும் விங் வாக்கர் வரும்வரை நகராதே. பின்னால் பத்து விமானம் காத்திருந்தாலும் சரி.

மீனம்பாக்கம்_ஸ்பாட்டர்

அப்படியானால் விமானியின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே? நின்றுகொண்டிருந்த விமானத்தில் என்ன தப்பு இருக்க முடியும்? டவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தது?

கிரவுண்ட்_121.9

ஒரே வரியில் முடிக்க முடியாது ஸ்பாட்டர். டவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டாக்ஸி அனுமதி கொடுப்பது வழியையும் வரிசையையும்தான். இறக்கை இடைவெளியை அல்ல. டவர் உயரத்தில் இருந்தாலும், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு விமானங்கள் சாய்வான கோணத்தில் ஒன்றின் மேல் ஒன்று படிந்தே தெரியும். நடுவில் இருப்பது 2 மீட்டரா 12 மீட்டரா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. இரவில் விளக்குப் புள்ளிகள் மட்டும். மல்டிலேட்டரேஷன் திரை (விமானத்தின் சிக்னலை வைத்து அது தரையில் எங்கே இருக்கிறது என்று காட்டுவது) உதவுமே என்று கேட்பார்கள். அது காட்டும் புள்ளி அந்தச் சிக்னலை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா இருக்கும் இடம். வால் அதற்குப் பின்னால் எவ்வளவு நீள்கிறது என்று திரைக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏப்ரனை நான்-மூவ்மென்ட் ஏரியா என்று பிரித்திருப்பார்கள், அங்கே டவருக்குக் கட்டுப்பாடே இல்லை. இறங்கிய விமானம் தன் ரேம்புக்குள் (ஏப்ரன்) நுழைய ஆள் வராமல் எல்லைக் கோட்டில் நின்றால் வால் டாக்ஸிவேயில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன ஜேஎஃப்கே சம்பவத்தில் அந்த சிஆர்ஜே அப்படித்தான் வழிகாட்டுதலுக்காகக் காத்து நின்றது. அதற்கு என்ன தப்பு என்று கேட்டால், தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ‘எங்கள் வால் டாக்ஸிவேயில் இருக்கலாம், உள்ளே போக முடியவில்லை’ என்று ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னால் வருபவரை டவர் நிறுத்தியிருக்க முடியும். நிற்பவரும் தகவல் கொடுப்பதில் பங்காளிதான்.

பொறுப்பு யாருடையது என்றால் சட்டப்படி ஐகாவோவின் அனெக்ஸ் 2 (வான்வழி விதிகள்) தெளிவு: மோதலைத் தவிர்க்க நடவடிக்கை எடுக்கும் பொறுப்பிலிருந்து எந்த விதியும் கமாண்டரை விடுவிக்காது. தரையில் கடந்து போகிறவர் தள்ளிப் போக வேண்டும், கடக்கப்படுகிறவருக்கு முன்னுரிமை. அதனால்தான் நகர்ந்த விமானத்தின் விமானிகளை முதலில் கூப்பிடுகிறார்கள். ஆனால் தண்டனையோடு விசாரணை நின்றால் அடுத்த மாதம் அதே ஹோல்டிங் கோட்டில் அதே நீளமான விமானம் நிற்கும், அதே டாக்ஸிவேயில் அதே அகலமான விமானம் வரும். வரைபடத்தில் ‘இந்த ஹோல்டிங் பாயின்ட்டில் விமானம் நிற்கையில் பின்னால் இ பிரிவு கூடாது’ என்ற ஒரு வரியைச் சேர்ப்பது, கோட்டை மாற்றி வரைவது, நீளமான விமானங்களை வேறு நுழைவுக்கு அனுப்புவது, இவைதான் பலன் தருபவை. இதில் விமான நிலைய நிர்வாகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது வருத்தம்.

கன்ட்ரோலர் செய்யக்கூடியது சில உண்டு. ஹோல்டிங் பாயின்ட்டில் நிற்பவரைக் கோடு வரை முன்னேறி நிற்கச் சொல்லலாம். பெரிய விமானத்தைப் பின்னால் விடும் முன், நிற்பவரை ஓடுபாதைக்குள் அனுப்பிவிட்டுப் பிறகு விடலாம். நெருக்கமான இடத்தில் ‘எக்ஸ்பிடைட்’ (சீக்கிரம் போ) என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூடாது.

விமானிகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘பின்னால் இடம் போதுமா?’ என்று டவரைக் கேட்காதீர்கள். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. ‘ஹோல்டிங் பொசிஷன், விங்டிப் கிளியரன்ஸ் உறுதியில்லை’ என்று சொல்லுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 2023 ஜூன் 10 அன்று டோக்கியோ ஹனேடாவில் தாய் ஏர்வேஸ் ஏ330-ன் இறக்கை நுனி, ஈவா ஏர் ஏ330-ன் வாலில் பட்டது. பயணிகள் நிறைந்த இரண்டு பெரிய விமானங்கள், ஓடுபாதைக்குப் பக்கத்தில், பட்டப்பகலில். வெளிச்சம் இருந்தால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

டார்மாக்_கார்த்தி

மிக்க நன்றி சார். இன்னொரு சந்தேகம். நேராகப் போகும்போது சரி. திருப்பத்தில் இறக்கை வெளிப்பக்கமாக ‘வளரும்’ என்று வகுப்பில் சொன்னார்கள். இறக்கையின் நீளம் எப்படி மாறும்?

இடது_இருக்கை

நீளம் மாறாது. நுனி வரையும் வட்டம் பெரிதாகும்.

திரும்பும்போது விமானம் பிரதான சக்கரங்களின் அச்சுக்கோட்டில் இருக்கும் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் நுனி அந்த அச்சுக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும். சுழல் புள்ளியிலிருந்து நுனிக்குள்ள தூரம் செங்கோண முக்கோணத்தின் கர்ணம். ஓர் எடுத்துக்காட்டு: பாதி இறக்கை 30 மீட்டர், சுழல் புள்ளி விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து 5 மீட்டர், நுனி அச்சுக்கு 12 மீட்டர் பின்னால். பக்கவாட்டில் கூட்டினால் 35. ஆனால் உண்மையான ஆரம் 35-ன் வர்க்கமும் 12-ன் வர்க்கமும் சேர்ந்த 1369-ன் வர்க்கமூலம், அதாவது 37. இரண்டு மீட்டர் அதிகம். காக்பிட்டிலிருந்து பக்கவாட்டாகப் பார்த்து ‘35-ல் முடிகிறது’ என்று எடுத்த முடிவு 2 மீட்டர் தப்பு. டாக்ஸிலேனில் சி பிரிவுக்கு மொத்த ஓரமே 4.5 என்பதை நினைவில் வையுங்கள்.

திருப்பம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு இந்த வளர்ச்சி கூடும். மூலையில் தடை இருந்தால், நுனி தடையைத் தாண்டிவிட்டது என்று தோன்றிய பிறகும் திருப்பத்தை இறுக்கக் கூடாது. நுனி அப்போதுதான் வெளியே வீசும். வாலும் அப்படியே. ஏ321-ஐ இழுவண்டி இல்லாமல் சொந்த எஞ்சினில் ஸ்டாண்டிலிருந்து கிளப்பித் திருப்பும் இடங்களில் வால் பக்கத்து ஸ்டாண்ட் பக்கம் எவ்வளவு வீசும் என்று பார்க்காமல் திருப்பக்கூடாது.

ரேம்ப்_முருகு

தரையிலிருந்து சொல்ல வேண்டியது இன்னும் யாரும் சொல்லவில்லை. 2024 மே 16 அன்று புனேயில் டில்லி கிளம்பிய ஏர் இந்தியா விமானம் டாக்ஸி செய்யும்போது டக் வண்டியில் (விமானத்தை இழுக்கும் வண்டி) மோதியது. கட்டடம் நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். வண்டி அப்படியில்லை.

விமானம் ஸ்டாண்டுக்குள் வரும் முன் செய்ய வேண்டியவை. சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லா வண்டியும் இருக்க வேண்டும்: பெல்ட் லோடர், டிராலி, ஜிபியூ (தரை மின்சார வண்டி), கேட்டரிங் லாரி, எதுவும் விதிவிலக்கு இல்லை. டிராலியின் இழுகம்பி மட்டும் விமானம் வரும் பக்கம் நீட்டியிருந்தாலும் அந்த டிராலி கோட்டைத் தாண்டியதாகத்தான் கணக்கு. ஏரோபிரிட்ஜின் சக்கரம் அதற்கென வரைந்த வட்டத்துக்குள் முழுதாகப் பின்வாங்கியிருக்க வேண்டும். தரையில் குப்பை, போல்ட், பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். பக்கத்து ஸ்டாண்டில் நிற்கும் விமானம் தன் நிறுத்தக் கோட்டில் சரியாக நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சி பிரிவு ஸ்டாண்டில் இரு விமானத்துக்கு இடையே 4.5 மீட்டர்தான், டி முதல் எஃப் வரை 7.5. அது இரண்டு மீட்டர் கோணலாக நின்றால் இங்கே இரண்டு மீட்டர் குறைந்தது.

டாக்கிங் திரையில் (விமானியை நிறுத்தப் புள்ளிக்கு வழிகாட்டும் திரை) விமான வகையைத் தவறாகப் போடுவது அடுத்தது. ஏ320 என்று போட்டிருக்கிறது, வருவது ஏ321. நிறுத்தப் புள்ளி மாறும். நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர் கூடுதல், அந்த 7 மீட்டரும் பின்னால் டாக்ஸிலேன் பக்கம்தான் போகும். திரையில் வகை பொருந்தாவிட்டாலோ, திரை அணைந்திருந்தாலோ, விமானி உள்ளே திரும்பக் கூடாது, கையால் சைகை காட்டும் மார்ஷலர் வரட்டும். திரை ஓடிக்கொண்டிருந்தாலும் எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒருவர் கை வைத்தபடி நிற்க வேண்டும். பொத்தானை விட்டுவிட்டு சாக் (சக்கரத் தடுப்புக் கட்டை) எடுக்கப் போவது பெரிய தப்பு. லேசர் கருவி பார்ப்பது விமானத்தின் மூக்கை, இறக்கை ஓரத்தில் வந்து நிற்கும் தண்ணீர் வண்டியை அல்ல.

விங் வாக்கர் பற்றி. நுனிக்கு நேர் கீழே நடக்கக் கூடாது, நுனியின் பாதைக்குக் கொஞ்சம் வெளியே, மார்ஷலருக்கும் டக் ஓட்டுநருக்கும் எப்போதும் தெரியும்படி நடக்க வேண்டும். வலது கை வாண்ட் (சைகைக் கோல்) தலைக்கு மேலே செங்குத்தாக, இடது கை வாண்ட் கீழ்நோக்கி உடலை நோக்கி அசைந்தால் ‘பாதை காலி’. இரண்டு வாண்டையும் சட்டென்று தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் உடனடி நிறுத்தம். மெதுவாகக் கொண்டுவந்து குறுக்காக்குவது சாதாரண நிறுத்தம். ஆபத்தில் மெதுவானதைக் காட்டினால் விமானி இன்னும் ஓரிரு மீட்டர் நகர்வார். ஒரு விங் வாக்கரைக் காணவில்லை என்றால், அவர் சரி என்று சொன்னார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காணவில்லை என்றால் நிறுத்து, அவ்வளவுதான். சம்பளம் குறைவான வேலை, மழையிலும் வெயிலிலும் நிற்கும் வேலை, ஆனால் அந்த நேரத்தில் நுனி தெரிகிற ஒரே ஆள் அவர்தான். கேப்டனையே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று பயிற்சியில் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும்.

மீனம்பாக்கம்_ஸ்பாட்டர்

சரி, ஒத்துக்கொள்கிறேன், ஒரே வரியில் முடியாதுதான். கார்த்தியின் கடைசிக் கேள்விக்கு யாரும் வரவில்லை. விங்லெட் போனால் போகட்டும் என்று பறக்கலாமா?

ஹேங்கர்_நாலு

கூடாது. எந்த ஆழம் வரை அடி போயிருக்கிறது என்று தெரியும்வரை கூடாது.

நுனியில் விழும் அடி நுனியோடு நிற்பதில்லை. 1 டன் விசை நுனியில் பின்னோக்கி விழுந்தால், 16 மீட்டர் உள்ளே இறக்கை அடியில் அது 16 டன்-மீட்டர் முறுக்கம். விமானம் மொத்தமாக ஒரு பக்கம் திரும்ப முயலும். அதைத் தாங்குவது சக்கரங்கள், குறிப்பாக மூக்குச் சக்கரத்தின் பக்கவாட்டுப் பிடிப்பு. எனவே பார்க்க வேண்டிய வரிசை: விங்லெட் இணைப்பு போல்ட்டுகளும் நுனி ரிப்பும் (குறுக்குச் சட்டம்), வெளிப்புற ஸ்லாட் (முன்விளிம்பு மடல்), ஏலரான் (பின்விளிம்பு மடல்) கீல்களும் அதை இயக்கும் ஆக்சுவேட்டரும், முன் பின் ஸ்பார் (நீள்சட்டம்), இறக்கை அடி இணைப்பு, எஞ்சின் பைலான் (எஞ்சினைத் தாங்கும் கை), மூக்குச் சக்கர ஸ்டியரிங், பிரதான கியர் இணைப்புகள். பராமரிப்புக் கையேடான ஏஎம்எம்-ல் இதற்கென 05-51 என்ற எதிர்பாராச் சோதனைப் பகுதி இருக்கிறது. சேத அளவு எஸ்ஆர்எம் (அமைப்புப் பழுதுநீக்கக் கையேடு) எல்லைக்குள் இல்லையென்றால் உற்பத்தியாளருக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

கார்பன் ஃபைபர் பாகங்களில் கூடுதல் கவனம் தேவை. அலுமினியம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கார்பன் அடி வாங்கினால் மேலே பெயின்ட் கீறல் மட்டும் இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிச் சத்தம் கேட்பது முதல் பார்வைக்குச் சரி, முடிவெடுக்க அல்ட்ராசானிக் சோதனை வேண்டும்.

எரிபொருள் கசிவு. ஏ320 போன்ற விமானங்களில் நுனிக்குச் சற்று உள்ளே வென்ட் சர்ஜ் டேங்க் (எரிபொருள் தொட்டிகளின் காற்றுவழித் தொட்டி) இருக்கிறது. நுனி கிழிந்தால் அங்கிருந்து எரிபொருள் சொட்டலாம், அதனால் மோதிய உடனே எஞ்சின், ஏபியூ (வாலில் உள்ள துணை எஞ்சின்), பிரேக் வெப்பம் எல்லாம் அதைப் பற்றவைக்கலாம் என்பது நினைவுக்கு வர வேண்டும். நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டும். கசிவு இருந்தால் எஞ்சின் அணைக்கப்பட வேண்டும். தீ இல்லாவிட்டால் பயணிகளை ஸ்லைடில் இறக்குவதைவிடப் படிக்கட்டில் இறக்குவதே நல்லது. ஸ்லைடில் கால் முறியும்.

‘சிடிஎல்-ல் விங்லெட் இல்லாமல் பறக்கலாம் என்று இருக்கிறதே’ என்று யாராவது கேட்பார்கள். சிடிஎல் தருவது ஒரு பாகம் இல்லாமல் பறக்க அனுமதி. அடி வாங்கிய அமைப்போடு பறக்க அனுமதி அல்ல. முதலில் மேலே சொன்ன சோதனை முடிந்து, மீதி அமைப்பு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்தான பிறகுதான் சிடிஎல் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

இடிபட்ட விமானத்தின் வால் பற்றியும் யோசியுங்கள். சிஆர்ஜே மாதிரி டி வடிவ வாலில் கிடைமட்ட வால் உச்சியில் இருக்கிறது. அங்கே பக்கவாட்டில் தள்ளினால் செங்குத்து வாலின் அடி இணைப்பு வரை முறுக்கம் இறங்கும். அட்லாண்டாவில் வால் மொத்தமாகச் சாய்ந்ததற்கு அந்த அமைப்பும் காரணம். வால் தப்பித்து நிற்கிறது என்றாலும் இணைப்புப் பொருத்திகளைத் திறந்து பார்க்காமல் விடக்கூடாது.

வகைப்படுத்தலிலும் வித்தியாசம் உண்டு. ஐகாவோவின் அனெக்ஸ் 13-ன் (விபத்து விசாரணை விதிகள்) வரையறையில் இறக்கை நுனி, ஆன்டெனா, சின்ன நசுங்கல் போன்றவற்றோடு சேதம் நின்றால் அதை விபத்து என்று கணக்கிட மாட்டார்கள், நிகழ்வு என்றே வரும். வால் பெயர்ந்தால் விபத்து. எப்படியானாலும் விசாரணை உண்டு. அதனால் விமானத்துக்குத் தரை பவர் கொடுக்கும் முன் ஒரு வேலை: காக்பிட் குரல் பதிவியின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிடுங்கள். பல விமானங்களில் கடைசி 2 மணி நேரம்தான் பதிவில் இருக்கும். தரையில் பவர் இருந்துகொண்டே இருந்தால் மோதலுக்கு முந்தைய பேச்சின் மேல் ஹேங்கரில் நாம் பேசுவது பதிவாகிவிடும். டெக் லாகில் (விமானத்தின் தொழில்நுட்பக் குறிப்பேடு) எழுதிவிட்டு இழுங்கள், யார் எப்போது இழுத்தார் என்றும் எழுதுங்கள்.